நாயின் விலை

"நாயும் சொத்துதான், வெர்ன்.
ஃபாரத்தில அதுக்குன்னு ஒரு கட்டம் இருக்கு.
என்ன விலை போடட்டும்?"

ஐலா ராண்டனென் பேனாவைத் திறந்து வைத்துக் காத்திருக்கிறார்.
வெர்ன் லாஹ்டி, மரம் ஏற்றும் லாரிக்காரர்,
தொப்பியைக் கழற்றி முழங்காலில் மாட்டியிருக்கிறார்.
துப்பாக்கி இரண்டு, எழுதியாயிற்று.
கல்யாண மோதிரம், சங்கிலி ரம்பம், பழைய பிக்கப் வண்டி,
முன்பணம் கட்டிய கல்லறை இடம்கூட எழுதியாயிற்று.
நாயிடம் வந்து நிற்கிறது கணக்கு.

"வயசு பதினாலு. காது கேக்காது.
போன வருஷம் முயலைப் பாத்து
வாலை ஆட்டிச்சு."

ஒரு டாலர் என்று எழுதுகிறார் ஐலா.
வெர்ன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறார்.
ஏரியிலிருந்து வரும் பனி, குறுக்குவாட்டில்.

*

மஞ்சக் கடுதாசி வக்கீல்.
கதவில் பெயர்ப்பலகை மட்டும் நீலம்.
இருபத்தாறு வருஷம்.
இரும்புச் சுரங்கம் மூடிய குளிர்காலத்தில்
மாடிப்படி வரை நின்றார்கள்.
அப்புறம் ஆஸ்பத்திரி பில்களோடு வந்தார்கள்.
அப்புறம் கிரெடிட் கார்டுகளை
ரப்பர் பேண்டு போட்டு, சீட்டுக்கட்டு மாதிரி.
பிரிக்காத கடிதங்களை மளிகைப் பையில் கொண்டுவந்து
மேசையில் கொட்டியவர்கள் எத்தனை பேர்.
அவர்தான் பிரிப்பார், ஒவ்வொன்றாய்,
மீனுக்குச் செதில் எடுக்கிற அதே கையால்.

கடையில் அவருக்கு யாரும் வணக்கம் சொல்வதில்லை.
சொன்னால் தெரிந்துவிடும்.
பால் அலமாரிக்கு எதிரே தெரிந்த முகம் வந்தால்
ஐலாவே முந்திக்கொண்டு
வெங்காயத்தின் விலையைப் படிக்க ஆரம்பிப்பார்.
அந்த ஊரில் வெங்காயத்தை அவ்வளவு ஆழ்ந்து படித்தவர்
வேறு எவரும் இல்லை.

நோன்புக்கால வெள்ளிக்கிழமை வேறு.
தீயணைப்பு வண்டிகளை வெளியே தள்ளிவிட்டு
கொட்டகைக்குள் பெஞ்சு போடுவார்கள்.
எண்ணெய்ச் சட்டி ஐலாவின் பொறுப்பு.
மூக்குக்கண்ணாடி முழுக்க ஆவி.
யார் முகமும் தெரியாது, அதுவும் வசதிதான்.
வங்கி மேலாளர் தட்டை நீட்டுவார்.
அடுத்த தட்டு, அவர் கையெழுத்தால் வீடு போனவருடையது.
கடன்காரரும் கடன்காரரும் ஒரே பெஞ்சில்,
நடுவில் முட்டைக்கோஸ் கிண்ணம்.
ஆளுக்கு இரண்டு துண்டு மீன்.
இதற்கு மட்டும் அவர் யாருக்கும் விலக்கு வாங்கித் தருவதில்லை.

சனிக்கிழமை பனிச்சறுக்குக் கூடத்தில்
பழைய ஸ்கேட்டுகளின் கத்தியைத் தீட்டி
பிள்ளைகளுக்கு அளவு பார்த்துக் கொடுப்பார்.
கையெழுத்து வேண்டாம், தவணை வேண்டாம்.
கால் வளந்தா கொண்டு வா, போ.

*

மார்ச்சில், மார்க்வெட்டில் விசாரணை. ஏழு நிமிஷம்.
"எல்லாத்தையும் பட்டியலில் சொல்லிவிட்டீர்களா?"
"சொல்லிட்டேன்."
"நாய் ஒரு டாலரா?"
"அதிகமாப் போட்டுட்டாங்க."
முறைக்காகக் காத்திருந்த பின்வரிசை சிரித்துவிட்டது.
சிரித்த பிறகு எல்லோரும் அவரவர் காலணியைப் பார்த்தார்கள்.

பாக்கி கொடுக்க வேண்டியவர்கள் பட்டியலில்
கடைசிப் பெயர் ஐலா ராண்டனென்.
கட்டணத்தில் மீதி, முந்நூற்றுப் பத்து டாலர்.
தட்டச்சு செய்ததும் அவரேதான்.
ஜூனில் உத்தரவு வந்தது:
ஆஸ்பத்திரி, வங்கி, டயர் கடை, ஐலா,
எல்லாம் தள்ளுபடி.

"இனிமே எனக்கு நீங்க எதுவும் தர வேண்டாம்."
"சட்டமா?"
"சட்டம்."
வெர்ன் தொப்பியைப் போட்டுக்கொண்டார்.

*

டிசம்பர், விடிகாலை நாலு மணி.
ஐலாவின் வாசலில் பனி தள்ளும் சத்தம்.
இரும்புத் தகடு தரையில் உரசாதபடி
மெள்ள இறக்கி, மெள்ளத் தள்ளி.
முன்விளக்கு அணைத்திருக்கிறது.
பக்கத்து இருக்கையில்
காது கேளாத ஒரு தலை நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறது.

அவர் விழித்துத்தான் இருக்கிறார்.
சுவிட்சுக்குப் போன கை
பாதியில் நிற்கிறது.
வாசல் கொஞ்சம் கொஞ்சமாகக் கறுத்துக்கொண்டு வர,
இருட்டில் நின்றபடி
வெங்காயத்தின் விலையைப் படிக்கிறார்.