எந்த மலை

அதிகாலை மூன்றரைக்கு அட்-பாஷியில் வேன் ஏறினேன்.
டோலோன் கணவாயில் பனி.
ஓட்டுநர் இறங்கிச் சக்கரத்துக்குச் சங்கிலி கட்டும்வரை
ஜன்னல் கண்ணாடியின் ஆவியில்
ஆங்கிலச் சொற்களை எழுதி எழுதி அழித்தேன்.
பிஷ்கெக் வந்தபோது
ஒரு விரல் நுனி மட்டும் வெகு சுத்தமாயிருந்தது.

வாசலில் கைரேகை எடுத்தார்கள்.
பதினேழு வருடமாக
பிள்ளைகளின் சட்டைப்பையைத் தடவுகிறவள் நான்.
என் பையைத் தடவிய பெண்ணுக்கு
இருபத்திரண்டு வயதிருக்கும்.
தண்ணீர்ப் புட்டியின் லேபிளைக் கிழிக்கச் சொன்னாள்.
கிழித்தேன். அந்தப் பசை
கடைசி மணி அடிக்கும்வரை உள்ளங்கையை விடவில்லை.

காதில் மாட்டிய கருவிக்குள்
ஒரு மனிதர் நூலக அட்டையைத் தொலைத்துவிட்டார்.
அவர் தெருவுக்கு எழுத்துக்கூட்டு என்ன,
சனிக்கிழமை எத்தனை மணிக்கு மூடுவார்கள்,
எல்லாம் ஒரே முறைதான் சொல்வார்களாம்.
அட்டை கிடைத்ததா என்று யாரும் கேட்கவில்லை.
அதையே நினைத்துக்கொண்டிருந்ததில்
இரண்டு கேள்விகள் போயின.

பிறகு கட்டுரை:
தேர்வுகளால் ஒருவரின் அறிவை அளக்க முடியும்
என்பதை எந்த அளவுக்கு ஏற்கிறீர்கள்?
இருநூற்றைம்பது சொல். நாற்பது நிமிடம்.
எந்த அளவுக்கு என்று எனக்குத் தெரியும்,
கிர்கிஸ்ஸில் தெரியும்.
எங்கள் மொழியில் வினைச்சொல் கடைசியில் வரும்,
மந்தை முழுக்கப் பட்டிக்குள் போனபின்
படலை இழுத்துச் சாத்துகிறவனைப் போல.
இங்கே இரண்டாவது அடியிலேயே படலைச் சாத்திவிட்டு
ஆடுகளை ஒவ்வொன்றாய்
வேலிக்கு மேலே தூக்கிப் போட வேண்டியிருக்கிறது.

அப்புறம் அந்த 'தி'.
கொசு மாதிரி ஒரு சொல்.
பேசுகிறவருக்கும் கேட்கிறவருக்கும்
முன்பே தெரிந்த பொருள் என்றால் அதைப் போடு
என்கிறது இலக்கணம்.
எங்கள் பள்ளத்தாக்கில்
எல்லாருக்கும் எல்லாம் முன்பே தெரியும்.
யார் வீட்டுப் பசு ஈன்றது, யார் ரஷ்யாவிலிருந்து திரும்பவில்லை.
அதனால்தானோ என்னவோ
எங்களிடம் அந்தச் சொல்லே இல்லை.

கடைசியாகப் பேச்சு.
எதிரே ப்ராசர் என்று ஒருவர், வேல்ஸ்காரர், நல்ல ஜலதோஷம்.
ஊரைப் பற்றிச் சொல்லச் சொன்னார்.
"காலையில் கதவைத் திறந்தால் மலை" என்றேன்.
"எந்த மலை?"
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
பூகோள வாத்தியாரிடம் கேட்கிறார்!
பெயரைச் சொன்னேன், உயரத்தைச் சொன்னேன்,
பாறை என்ன வகை என்பதுவரை சொன்னேன்.
அவர் சிரிக்கவில்லை,
சிரிக்கக்கூடாதென்று அவர்களுக்கும் விதி இருக்கலாம்.
மூக்கைத் துடைத்துக்கொண்டு
பென்சிலால் ஏதோ குறித்தார்.

பதின்மூன்றாம் நாள் முடிவு வந்தது. ஆறு.
முதுகலைக்கு அவர்கள் கேட்டது ஆறரை.
"ஐந்தைவிட ஆறு பெரிதுதானே" என்றார் என் கணவர்,
உருளைக்கிழங்கைத் தோலுரித்தபடி.

எர்மேக்கின் விடைத்தாள் அன்றிரவுதான் ஞாபகம் வந்தது.
ஓர் ஆறு தோன்றும் இடத்தை எழுதுக.
"ஆறு எங்கள் மேய்ச்சலுக்கு மேலே
பனிக்கட்டியிலிருந்து வருகிறது.
ஜூனில் குடித்தால் பல் கூசும்."
'எந்த ஆறு?' என்று சிவப்பில் எழுதி
அரை மதிப்பெண் குறைத்திருந்தேன்.

திங்கட்கிழமை அவனைக் கூப்பிட்டுக் கேட்டேன்.
அவனுக்கு ஒன்றும் நினைவில்லை.
அந்தத் தாளை வைத்து அடுப்பு மூட்டியாயிற்றாம்.
"தப்பா எழுதியிருந்தேனா, சாய்கல் எஜே?"
"இல்லை."
"அப்ப அந்த மார்க்?"
மதிப்பெண் பதிவேடு போன வருடமே
மாவட்ட அலுவலகத்துக்குப் போய்விட்டது.
அதை அவனிடம் சொன்னேன்.
தோளைக் குலுக்கிவிட்டுப் பந்தாட ஓடினான்.

அடுத்த தேர்வு மார்ச்சில்.
கட்டணம் என் ஒன்றரை மாதச் சம்பளம்.
படிவத்தில் ஊர்ப்பெயரை எழுத்துக்கூட்டி நிரப்பினேன்,
இடைக்கோடு உட்பட.
கணவாயில் அப்போதும் பனி இருக்கும்.
எந்தக் கணவாய் என்று
வேன் ஓட்டுகிறவர் கேட்கமாட்டார்.