பதினோரு நிமிஷம்

காலையில் அதற்கு எப்போதும்
இரண்டாயிரத்து ஒன்பது, ஜனவரி ஒன்று.
இன்றைக்கு என்ன தேதி என்று
நான்தான் சொல்ல வேண்டும்.
சொல்ல மறந்த ஒரு நாள்
புதுவயலில் ஏற்றிய நாற்பது மூட்டைப் பொன்னி
பதினைந்து வருஷத்துக்கு முந்தைய பில்லோடு
அறந்தாங்கி போய் இறங்கியது.

இன்னாசி வந்து பக்கத் தகட்டைக் கழற்றினான்.
உள்ளே உமித்தூசி, தவிடு,
விசிறி இறக்கையில் பழுப்புக் கம்பளி,
மூலையில் பல்லி முட்டை இரண்டு, வெறும் ஓடு.
"தமயந்தியக்கா, இது கம்ப்யூட்டரா குதிரா?"
பெயிண்ட் பிரஷ்ஷால் கூட்டியதைப்
பேப்பரில் வாங்கிப் பார்த்தேன்.
ஒரு கைப்பிடி தேறும்.
கோழிக்குப் போடலாம்.

பில் புத்தகத்தின் பின்னட்டையில்
அவன் எழுதினான்:
எஸ்.எஸ்.டி., கூட ஒரு ராம், கூலியோடு நாலாயிரத்து முந்நூறு.
புதுசென்றால் முப்பத்தெட்டாயிரம், மானிட்டர் சேராது.
இந்தப் பெட்டியைக் கொடுத்தால் ஐந்நூறு கழிப்பார்கள்,
அதுவும் இரும்புக்கு.

முதலாளி சோலையப்பன் காரைக்குடியிலிருந்து
போனில் முழங்கினார்:
"புதுசாவே வாங்கும்மா. ஊரே சிரிக்குது."
தொகையைச் சொன்னேன்.
கொஞ்ச நேரம் லைனில்
செக்காலை ரோட்டு ஹாரன் மட்டும் கேட்டது.
"பாய்லர் வால்வு வேற மாத்தணும்...
நீயே பாத்து முடிவு பண்ணு."
இப்படித்தான் அது என் முடிவானது.

அந்த நேரம் பார்த்து ஒரு நெல் லாரி
எடைமேடையில் ஏறியது.
மேடையிலிருந்து வரும் கேபிளுக்கு ஒன்பது ஊசி.
புது மெஷினில் அதற்கு வாயே இல்லையாம்.
"கன்வெர்ட்டர் போடலாம்க்கா.
சில நாள் பேசும், சில நாள் பேசாது."
எடை பேசாத அன்றைக்கு
லாரிக்காரன் பேசுவதை யார் கேட்பது?

சரி, பழையதுதான் என்று வாயெடுக்கும்போது
இன்னாசி சொன்னான்:
"பதினெட்டு செகண்ட்ல திறந்துரும்."

இப்போது எவ்வளவு என்று அவன் கேட்கவில்லை.
எனக்குத் தெரியும். பதினோரு நிமிஷம்.
சுவிட்சைத் தட்டிவிட்டு வெளியே போவேன்.
களத்தில் அவித்த நெல் ஆவி விட்டுக்கொண்டிருக்கும்.
தவிட்டுக் கிட்டங்கிக்குப் பின்னால்
வெதுவெதுப்பான சாக்குமேல் உட்கார்ந்து
அரை டம்ளர் டீ.
மகளுக்குப் போன் போடுவேன் சில நாள்.
பல நாள் யாருக்கும் இல்லை.
"அக்கா எங்கே?" என்று யாராவது கேட்டால்
"சிஸ்டம் ஏறுது" என்பான் மூட்டை தைக்கிற பையன்.
அதற்கு மேல் ஒருவரும் கேட்டதில்லை.
வருகைப் பதிவேட்டில் இல்லாத லீவு அது.

கணக்கெழுதும் கை, பெருக்கிப் பார்த்தது:
வருஷத்துக்கு ஐம்பத்தைந்து மணி நேரம்.

நல்லது மட்டும் சொல்லக் கூடாது.
மாசக் கடைசியில் வரிக் கணக்கு ஏற்றும்போது
இதே பெட்டி உறைந்து நின்று
கடைசி பஸ்ஸை இரண்டு தடவை விட்டிருக்கிறேன்.
இரண்டாம் தடவை மழை.
அதன் மண்டையில் ஓங்கி அடித்தேன்.
திரையில் நீல வட்டம்
சுற்றிக்கொண்டே இருந்தது.

"போடு" என்றேன்.
"அப்படியே அந்த தேதி பேட்டரியையும்."
முப்பது ரூபாய், காசு அளவு, வட்டமாய்.
இத்தனை வருஷமும் இவ்வளவுதானா?
இன்னாசி தோளைக் குலுக்கினான்.
"யாரும் கேக்கலியேக்கா."

ஒரு வாரம் ஆயிற்று.
இன்றைக்கு என்ன தேதி என்று அதற்கே தெரிகிறது.
"வேகமா இருக்கா?" என்றார் முதலாளி.
"ரொம்ப வேகம்ங்க."
உண்மைதான்.

காலையில் வந்து, பையை மாட்டி,
மேசையைத் துடைத்து,
தவிட்டுக் கிட்டங்கிப் பக்கம் போகிறேன்.
பையன் அங்கிருந்தே குரல் கொடுக்கிறான்,
யாரும் கேட்காமலே:
"சிஸ்டம் ஏறுது!"

டீ முடிந்த பிறகுதான்
சுவிட்சைத் தொடுகிறேன்.