பின்பக்கம் திறக்கும் பை

அல் ஐனுக்கு வெளியே, ஒட்டகப் பந்தயத் திடலைத் தாண்டி
யாரோ ஒரு பெரிய மனிதரின் விலங்குப் பண்ணை.
அதில் இரவுக்கூடம் என் பொறுப்பு.
நண்பகல் பன்னிரண்டுக்கு விளக்கை அணைப்பேன்,
பில்பிக்கு அப்போதுதான் பொழுது விடியும்.

முயல் காது. மூஞ்சூறு மூக்கு.
வால் நுனிக்கு மட்டும் யாரோ சுண்ணாம்பு அடித்திருக்கிறார்கள்.
ஆஸ்திரேலியாவில் பூனையும் நரியும் தின்றது போக
மிச்சம்.
அதற்குத் தனிக் கோப்பு உண்டு, தோலுக்கடியில் சில்லு உண்டு.
இருபத்து நாலு டிகிரி; ஒன்று கூடினாலும்
ஹனான் டாக்டரின் போன் அலறும்.
போன ஆகஸ்டில் என் அறை ஏசி
ஒன்பது நாள் ஓடவில்லை.
சொல்ல வந்தது அதுவல்ல.

பில்பியின் பை பின்பக்கம் பார்த்துத் திறக்கும்.
முன்னால் திறந்தால், வளை தோண்டும்போது
குட்டியின் வாயில் மண் விழுமாம்.
டாக்டர் தூக்கிப் பிடித்துக் காட்டினார்:
உள்ளே வேர்க்கடலை அளவில் ஏதோ அசைந்தது.
ஒரு மணல் பருக்கைகூட இல்லை.

வெளியே ஜெனரேட்டர் சுவரோரம்
இன்டர்லாக் கல்லைப் பெயர்த்து முளைத்திருக்கிறது
துமாம் புல்.
பெயர் ஒட்டகக்காரர் இஸ்ஸுத்தீன் சொன்னது.
என் பணி ஏட்டில் அது வெறும் களை,
வியாழன்தோறும் பிடுங்க வேண்டியது.
ஜூலையில் பார்த்தால் செத்த விறகு.
பிப்ரவரியில் ஒரு தூறல், அதுவும் அரை மணி நேரம்,
கணுவுக்குக் கணு பச்சை, அப்புறம் கதிர்.

கடப்பாரையால் நெம்பினேன். வந்தது.
வேரை உதறினேன், மணல் போகவில்லை.
குழாயில் பிடித்தேன், அப்போதும் போகவில்லை.
ஒவ்வொரு வேரும் மணலை
முழுக்கைச் சட்டையாய் மாட்டியிருந்தது,
ஈரம் விட்டுப் போகாமலிருக்க.

ஒன்று மணலை விலக்கிப் பிழைக்கிறது,
ஒன்று மணலை உடுத்திப் பிழைக்கிறது
என்று ஜெபமணியிடம் சொன்னேன்.
"நல்லா இருக்கே, ஸ்டேட்டஸ்ல போடு" என்றான்.

அன்று தீனிப் பெட்டி துறைமுகத்தில் நின்றுவிட்டது.
அனுமதி கேட்காமல்
பிடுங்கிய புல்லைக் கதிரோடு கூடத்தில் போட்டேன்.
சிவப்பு வெளிச்சத்தில் அது வந்தது,
மோந்தது, நீள நாக்கை நீட்டி
உதிர்ந்த விதைகளை நக்கியது,
தரையோடு சேர்த்து.

மறுநாள் புழுக்கையை உடைத்துப் பார்த்தேன்.
முக்கால்வாசி மணல்.
ஸ்டேட்டஸை அழித்துவிட்டேன்.

தினசரிப் படிவத்தில் ஒரு கட்டம்:
எச்சத்தில் அந்நியப் பொருள் ஏதேனும்?
கொஞ்ச நேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.
இல்லை என்று எழுதினேன்.