காரணம் என்ற கட்டம்

ஞாயிற்றுக்கிழமை மதுரையில் பரீட்சை,
தபால் வழிக் குற்றவியல், இரண்டாம் தாள்.
மண்டபம் ஸ்டேஷனில் ராத்திரி ரைட்டர் நான்.
லாக்கப்பில் நம்புசேகரன், பாம்பன் தெற்குவாடி.
வெளியே நீல டிரம்களில் கடல் அட்டை,
நூற்றுப் பதினாலு கிலோ.
பேர்லதான் நம்பு, ஆள யாரு நம்புறது
என்று ஏட்டையா இரண்டு தடவை சொல்லிவிட்டார்.

புத்தகம் முதலில் மண்டையை அளக்கிறது:
ஒடுங்கிய நெற்றி, துருத்திய தாடை.
எட்டிப் பார்த்தேன். கொசு அடித்துக்கொண்டிருந்தான்.
என் நெற்றியைவிட அவன் நெற்றி அகலம்.

அடுத்தது வறுமை.
அப்படியானால் இந்தக் கரையில்
ஜெயில் சுவர் தங்கச்சிமடம் வரை நீண்டிருக்கும்.

கூடாச் சேர்க்கை.
"யார்கிட்ட முங்கக் கத்துக்கிட்ட?"
"மாமன்கிட்ட. அவரு மேல கேஸே இல்லயே."

லாபநட்டக் கணக்கை
என்னைவிட வேகமாகப் போட்டான்:
டீசல், வக்கீல், ஜாமீன்,
எங்களுக்கு வந்தது எல்லாம் கழித்து.

முத்திரை குத்தக் குத்த
ஆள் அந்த முத்திரையாகவே ஆகிறான்
என்கிறது ஆறாம் அத்தியாயம்.
போன வருஷம் வேதாளையில் இன்ஜின் காணாமல் போனபோது
நேராக இவன் வீட்டுக்குத்தான் போனோம்.
இன்ஜின் உச்சிப்புளியில் கிடைத்தது.
அதற்குள் இவன் மகள்
பள்ளிக்கூடத்தை நிறுத்தியிருந்தாள்.

பதில் தாளில் எழுத முடியாதது ஒன்று உண்டு.
என் அப்பாவும் அட்டைக்குத்தான் முங்கினார்.
தூத்துக்குடி ஏஜெண்டுகள் ரசீது போட்டு வாங்கினார்கள்.
அட்டை அவித்த புகை என் சீருடையில் இருக்கும்;
வகுப்பில் யாரும் மூக்கைப் பொத்தியதில்லை,
எல்லார் சீருடையிலும் இருந்தது.
அவர் செத்தது தொண்ணூற்றொன்பதில்.
தடை வந்தது இரண்டாயிரத்து ஒன்றில்.
இரண்டு வருஷத்தில் தப்பித்தார்.

பயந்தால் அட்டை
தன் குடலைக் கக்கிப் போட்டுவிட்டு நகரும்,
பிறகு வேறு வளர்த்துக்கொள்ளும்.
வாக்குமூலம் எழுதும்போதெல்லாம்
எனக்கு அது ஞாபகம் வரும்.

அறிக்கையில் 'காரணம்' என்ற கட்டம்
ஒரு விரல் அகலம்.
பணத்தாசை என்று எழுதினேன்.
எப்போதும் எழுதுவதுதான்.

மறுநாள் கோர்ட் உத்தரவு:
உயிரோடு இருப்பதைக் கடலில் விடவும்.
முப்பத்தொன்று இருந்தது.
ஏட்டையா கரையோரமாகவே
டிரம்மைக் கவிழ்க்கப் போனார்.
"இங்க வேணாம்யா, தண்ணி வத்துனா காஞ்சிரும்.
அந்தா பாசி தெரியுதுல்ல, அங்க. ஒவ்வொண்ணா."
விலங்கு மாட்டிய கையால் காட்டினான்.

ஷூவைக் கழற்ற மறந்து
இடுப்புத் தண்ணீருக்கு நடந்தேன்.
"இன்னும் கொஞ்சம்," என்றான் பின்னாலிருந்து,
"இன்னும் கொஞ்சம் தள்ளி."