ஏழு அழைப்புகள்

ரோட்டர்டாமுக்குத் தெற்கே, நெடுஞ்சாலை ஓரத்தில்,
முதுகு நிறையத் துலிப் பூவோடு
லாரி மூச்சை விட்டுவிட்டது.
மார்ச் மாதத் தூறல். குளிர் என்று சொல்லமாட்டேன்.
நான் பிறந்த ஊரில் இதற்குப் பெயர் கோடை.

இறங்கி நின்றேன், எல்லோரும் பார்க்கும்படி.
முதல் வண்டியே நிற்கும் என்று நினைத்தேன்.
பிறகு, மூன்றாவது.
நூறுக்கு மேல் எண்ணுவதை விட்டேன்.
வைப்பர் அசைய அசைய முகங்கள்
தெரிந்தன, அழிந்தன.
ஒரு குழந்தை கையசைத்தது.
அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

யாகுட்டியாவில், ஹண்டிகா தாண்டிய கோலிமா சாலையில்,
பூஜ்யத்துக்குக் கீழே ஐம்பத்து மூன்றில்
எஞ்சின் நின்ற இரவு ஒன்று உண்டு.
அங்கே எஞ்சின் நின்றால்
மற்றது நிற்க அதிக நேரம் ஆகாது.
வந்தவன் இறங்கும்போதே வைதான்.
என் பெல்ட்டை, என் டீசலை, என்னைப் பெற்றவளை.
வைதுகொண்டே தன் ஸ்டெப்னியை உருட்டிவந்து
கொளுத்தினான். ஒரு முழு டயர்.
அந்தக் கரும்புகைக்கு முன்னால் உட்கார்ந்து
உறைந்த மீனைச் சீவிச் சீவித் தின்றோம்.
விடிந்தது. பணம் நீட்டினேன்.
அதற்கும் வைதான்.
பெயர் கேட்கவில்லை, சொல்லவும் இல்லை.

இதை இங்கே பலரிடம் சொல்லியிருக்கிறேன்.
"எவ்வளவு நல்ல மனிதர்" என்கிறார்கள்.
நல்லவன் என்று எனக்கு ஒன்றும் படவில்லை.
அந்தச் சாலையில் நிற்பது குணம் அல்ல,
சீட்டு கட்டுவது மாதிரி.
இன்றைக்கு நீ, நாளைக்கு நான்.
போட்டவனுக்குத்தான் எடுக்க உரிமை.

இன்னொன்றை யாரிடமும் சொன்னதில்லை.
அடுத்த குளிர்காலம். வெறும் முப்பத்தெட்டு.
ஓரத்தில் ஒரு சின்ன வேன்,
உள்ளே விளக்கு எரிந்துகொண்டிருந்தது.
எனக்குப் பின்னால் இரண்டு லாரி வருவது தெரியும்.
ஆறு மணிக்குள் சரக்கை இறக்க வேண்டும்.
கால் பிரேக்கைத் தொட்டது. அழுத்தவில்லை.
பின்னால் வந்தவர்களும்
தங்களுக்குப் பின்னால் ஒருவன் வருவதாக
நினைத்திருக்கலாம்.
அந்த வாரம் முழுக்க செய்தித்தாளைத் துழாவினேன்.
ஒன்றும் இல்லை.
ஒன்றும் இல்லாதது நல்ல சேதிதானா,
இன்றுவரை தெரியாது.

பதினான்காவது நிமிடம் ஒரு மஞ்சள் வேன் வந்தது.
இறங்கியவள் பெயர் யோரின்.
அவளும் வைதாள், மரியாதையாக:
"தடுப்புக்கு அந்தப் பக்கம் போய் நில்லுங்கள்,
சாக ஆசையா?"
பிறகு படிவம். நியுர்குன் என்பதை
மூன்று தடவை எழுதி மூன்று தடவை அடித்தாள்.
நான் யாரையும் கூப்பிடவில்லையே என்றேன்.
"ஏழு பேர் கூப்பிட்டார்கள்."
ஏழு பேர்.
கிலோமீட்டர் பலகையின் எண்ணை ஒழுங்காகப் படித்துச் சொல்லி.
ஒருவர், ஆள் மழைக்கோட்டு போடவில்லை என்றும்.

நூறு முகங்களை வெறுத்து முடித்திருந்தேன்.
அதில் எந்த ஏழு?
நன்றியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்,
சில்லறை கிடைக்காத ஊரில்
பெரிய நோட்டை வைத்திருப்பவன் மாதிரி.

போன வியாழன், பாலம் தாண்டி, ஒரு நீலக் கார்.
பக்கத்தில் ஒருவன் தூறலில் நனைந்தபடி
ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.
தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்றான்.
வந்து சில மாதங்கள்தான் ஆகியிருக்கும்.
கால் பிரேக்குக்குப் போனது,
வாய் பலகை எண்ணைச் சொன்னது.
நீலக் கார். ஆள் கோட்டு போடவில்லை.
"ஏற்கெனவே தகவல் வந்துவிட்டது, நன்றி" என்றது போன்.

கண்ணாடியில் அவன் சிறுத்துக்கொண்டே போனான்.
இரண்டு முறை ஹார்ன் அடித்தேன்.
எங்கள் சாலையில் அதற்கு
பார்த்துவிட்டேன் என்று அர்த்தம்.
இங்கே என்ன அர்த்தமோ.
வைகிறேன் என்று நினைத்திருப்பான்.