சோளகத்தில் கூப்பிடுதல்

கொலன்னாவைச் சதுப்பில், எண்ணெய்த் தாங்கிகளின் பின்புறம்,
முழங்கால் சேற்றில் நிற்கிறோம் நானும் முஸம்மிலும்.
கடல் பக்கமிருந்து சோளகம்.
மருதானைப் புகையை, புறக்கோட்டையின் அழுகல் வெங்காயத்தை,
எங்கள் இருவரின் வியர்வையை
ஒரே மூட்டையாகச் சுருட்டிக்கொண்டு
வெல்லம்பிட்டிய பக்கம் ஓடுகிறது.

கானாங்கோழி மேற்கே.
கண்ணியும் மேற்கே, இருபதடியில், புல் மேட்டில்.

அரை அங்குலப் பைப்புத் துண்டு,
வாயில் இழுத்துக் கட்டிய பலூன் ரப்பர்,
இரண்டு வருடம் பழகின குரல்:
குர்வாக், குர்வாக், பிறகு அடங்கிய ஒரு கொக்,
துணையில்லாத பெட்டையின் கொக்.
காற்றில்லாத இரவில்
தெமட்டகொடை ரயில் பாதை வரை போகும்.
இன்றைக்கோ உதட்டை விட்டதுமே திரும்பி
என் காதையே உரசிக்கொண்டு
முதுகுக்குப் பின்னால் போய்விடுகிறது.

"சத்தமா ஊதன்டா."
சத்தமாக ஊதினால் கோழி செத்துவிடும்,
பைப்பு மட்டும் கத்தும்.
காற்றும் மூச்சு வாங்கும், பஸ் கியர் மாற்றுகிற நேரம்,
அந்த இடுக்கில் ஒன்றைச் செருக வேண்டும்.
அவன் மடியில் கத்தியுடன் குந்தியிருக்கிறான்,
பிஸ்மி சொல்ல ஒரு மூச்சை
இப்போதே எடுத்து வைத்தவன் போல.

நாணல் அசைகிறது.
எல்லா நாணலும் அசைகிறது.
காற்று நாளில் ஒவ்வொரு தழையும் வந்துகொண்டே இருக்கும்,
ஒன்றும் வந்து சேராது.

ஒன்பதாவது ஊதலில் என் பிடரி குளிர்ந்தது.
திரும்பினேன்.
காற்று போகிற பக்கம்,
நாங்கள் ஒரு தரமும் பார்க்காத பக்கம்,
தண்ணீர் விளிம்பில் இரண்டு பச்சைச் சில்லு.

கொடுப்புலி.
நாயளவு பூனை, மீன் தின்கிறது,
கோழி கிடைத்தால் வேண்டாம் என்னாது.
எங்கள் வாடை அதற்கு எப்போதோ போயிருக்கும்:
பீடி, டீசல், முஸம்மிலின் வெள்ளிக்கிழமை அத்தர்.
இருந்தும் வந்திருக்கிறது.
அவ்வளவு பசியா,
அவ்வளவு நன்றாகவா ஊதினேன்?

பைப்பு இன்னும் உதட்டில்.
உள்ளே அரை மூச்சு, விட்டால் பெட்டை.
"ஊதாத" என்றான் அவன்,
கத்தியைப் பிடித்த கை கத்தியையே மறந்திருந்தது.

அப்போதுதான் மேற்கே கானாங்கோழி கத்தியது,
காற்று அதைக் கையில் ஏந்திக் கொண்டுவந்து கொடுத்ததுபோலத்
துல்லியமாக.
எனக்குப் பதில் சொல்லவில்லை. தன்பாட்டுக்கு.
பச்சைச் சில்லுகள் என் தோளைத் தாண்டிப் பார்த்தன.
எங்கள் இருவருக்கும் நடுவே,
என் முழங்காலில் மெல்லிய அலையொன்று தட்ட,
நீந்திப் போனது.
கண்ணிக்குள் கால் வைக்குமோ என்று
இரண்டு பேரும் எண்ணினோம், வாய் திறக்கவில்லை.
வைக்கவில்லை.

பிறகு மேற்கே சத்தமே இல்லை.

ஆமர் வீதியில் முட்டை ரொட்டி வாங்கினோம்.
திரும்பும் வழியில் ஆட்டோ வேகமெடுக்க
சட்டைப் பையில் நீட்டிக்கொண்டிருந்த பைப்பைக்
காற்று தானே ஊதத் தொடங்கியது,
சேவலுமில்லாத, பெட்டையுமில்லாத குரலில்.
ரொட்டியை மென்றபடி முஸம்மில் சொன்னான்:
"உன்னை விட இது பரவாயில்ல.
இதுக்கு ஒன்றும் வராது."