காலண்டருக்குப் பின்னால் ஒரு தீவு

அரிசி மண்டிக் காலண்டரில் மார்ச் தாளைக் கிழித்து
அதன் முதுகில்தான் உன் தீவை வரைந்தேன்.
முதலில் உளுந்து வடை மாதிரி வந்தது.
"வட்டமே இல்லடி,
மிதிபட்ட நண்டு, காலெல்லாம் ஒரு பக்கம்" என்றாய்.
அதிலிருந்து போனுக்கு ஒரு கால் வரைகிறேன்.

உனக்கு ராத்திரி ஏழு,
எனக்கு மூன்றரை மணி வெயில்.
சிப்காட் காற்று முட்டை அழுகிய வாடையோடு வரும்போது
நீ அங்கே பனி என்பாய்,
பனியிலும் பூக்கிற சிவப்புப் பூ ஒன்று என்பாய்.
அதன் பெயரை எனக்குச் சொல்ல வரவில்லை.

கிழக்கே ஓக்போ, உன் கப்பல்துறை.
நானூறு வருஷத்துக்கு முன் அந்த வளைகுடாவில்
ஜப்பான்காரன் கப்பல்களைக் கொளுத்தினார்களாம்.
இப்போது கொளுத்துவது நீங்கள், வெல்டிங் ராடில்.
மேற்கே பாலம். வடக்கே கடலுக்கு அடியில் சுரங்கச் சாலை.
பிறகு அதை ஏன் தீவு என்கிறார்கள் என்றேன்.
"லீவு கேட்டுப் பார், தெரியும்" என்றாய்.

ஒரு ஞாயிறு முள்கம்பி முகாமைப் பார்க்கப் போனாய்.
அந்தச் சண்டையில் பிடிபட்டவர்கள் ஒரு லட்சத்து எழுபதாயிரம்.
கணக்குப் போட்டேன்:
மஞ்சக்குப்பம், புதுப்பாளையம், முதுநகர்,
ஒரு வீடு விடாமல் நம் கடலூரே கைதியானால் எவ்வளவோ
அவ்வளவு.
அத்தனை பேரை எங்கே வைத்தார்கள்?
ஊர்க்காரர்களை எழுப்பிவிட்டு, அவர்கள் வயலில்.

இது எனக்குப் புரிந்துவிட்டது.
நான் குண்டு உப்பலவாடிக்காரி.
கோட்டையிலிருந்து வெள்ளைக்காரன் பீரங்கி சுட்டு
குண்டு விழுந்த தூரம் வரை தனது என்றானாம்.
குண்டு எங்கள் ஊரில் விழுந்தது.
பேருக்கு முன்னால் இன்னும் கிடக்கிறது.

அந்த மார்கழியில் ஒரே சரக்குக் கப்பலில்
பதினாலாயிரம் அகதிகள் உன் தீவில் இறங்கினார்கள்.
வழியில் ஐந்து பிள்ளை பிறந்ததாம்.
கிம்ச்சி ஒன்று, கிம்ச்சி இரண்டு என்று
கப்பல்காரர்கள் நம்பர் போட்டுக் கூப்பிட்டார்களாம்.
தொப்புள்கொடியை எதால் அறுத்தார்கள் என்று கேட்டேன்.
அதை எழுதிப் போடவில்லை என்றாய்.

உன் தகடு முக்கால் மில்லிகூட இல்லை.
வேர்வை பட்டால் துருப்பிடிக்கும்.
கையுறைக்குள் கையுறை.
தேவனாம்பட்டினத்தில் பிறந்தவனுக்கு
தன் உப்பைக் கண்டே பயம்.
நீ பற்றவைத்த கோட்டின்மேல்
நூற்று அறுபத்து மூன்று டிகிரி உறைந்த எரிவாயு சாயும்;
அதற்கப்புறம் அந்தக் கோட்டை எந்தக் கண்ணும் பார்க்காது.
"நேரா இருக்கா, அது போதும்" என்பானாம் உன் மேஸ்திரி சோய்.

போன வாரம் குரல் வேறாக இருந்தது.
"என் கப்பல் எண்ணூருக்கு வருது.
செவ்வாய் ராத்திரி நம்ம பக்கம் தாண்டும். பாரேன்."
இறால் கம்பெனியில் அரை நாள் லீவு சொல்லி
வெள்ளிக் கடற்கரையில் பதினொரு மணி வரை நின்றேன்.
சுண்டல்காரன் போய்விட்டான்.
தூரத்தில் ஒரு விளக்கு நகர்ந்தது,
அல்லது நகர்ந்தது நான்தான்.

விடியற்காலை உன் தம்பி அஞ்சாப்புலி வந்தான்,
லுங்கியிலிருந்து தண்ணீர் சொட்ட.
"ஊர் நீளத்துக்கு ஒரு கப்பல், அண்ணி.
டார்ச் அடிச்சோம், கத்தினோம்.
வலை மேலேயே ஏறிப் போயிட்டான்."
பதினெட்டுத் துண்டு வலை, மிதவையோடு.
நாற்பத்தெட்டாயிரம்.

உன் ஏப்ரல் பணத்திலிருந்து எடுத்துக் கொடுத்தேன்.
எந்தக் கப்பல் என்று அவனுக்குத் தெரியாது.
பேர் பார்த்தாயா என்று நானும் கேட்கவில்லை.
கேட்டால் தெரிந்துவிடும்.

மூன்றரைக்கு நீ அழைத்தாய்.
"பாத்தியா?"
காலண்டர் தாளில் நண்டுக்கால்கள் காற்றுக்கு ஆடின.
பாத்தேன் என்றேன்.
எப்படிப் போச்சு என்றாய்.

நேரா, என்றேன்.
நேராத்தான் போச்சு.